அறுபது கிலோ மணல்

ஐம்பது வெள்ளி.

ஒலி முகம்மது அழகப்பனுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த ஒலி முகம்மது இப்போது புல்தரையில் மல்லாந்து கிடந்தான்.

மேலே நீலத் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு வெளியே ஒரு பூட்ஸ் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது...

அழகப்பன் கையில் தூக்குவாளி. வாளிக்குள் நோன்புக் கஞ்சி. டெக்கா பக்கம் பள்ளிவாசலில் வரிசையில் நின்று வாங்கி, ரயில் மாறி, பஸ் ஏறி, சுவா சூ காங் தாண்டி இந்தப் பழைய பண்ணை நிலத்துக்கு அவன் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். கஞ்சியில் இன்னும் சூடு இருந்தது.

குடிக்க வேண்டியவனிடம்தான் இல்லை.

"செத்தவரோட நீங்க ஒரே ரூமா?"

கேட்டவர் இன்ஸ்பெக்டர் ருக்கையா. நாற்பது வயது. உதடு வறண்டிருந்தது. அவரும் நோன்பு.

"ஆமா மேடம். ரோவல் ரோட்டுல கடைவீட்டு மாடி. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்."

"உங்களுக்குள்ள சண்டை, தகராறு?"

"இல்ல மேடம்."

"கொடுக்கல் வாங்கல்?"

அழகப்பனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆயிரம் வெள்ளி வாங்கியிருந்தான். அவங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு. தொள்ளாயிரத்தைம்பது குடுத்துட்டான். அம்பது பாக்கி."

ருக்கையா அதைக் குறித்துக்கொண்டார். ஐம்பதுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு அழகப்பனுக்குப் பிடிக்கவில்லை!

பத்தடி தள்ளி 'தும்பி' கிடந்தது. எட்டுக் காற்றாடி, நடுவில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரே ஒரு சீட். ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் போதும். ஓட்டுநர் கிடையாது. தானே எழும்பி, தானே பறந்து, சொன்ன இடத்தில் இறக்கிவிடும். சாங்கியிலிருந்து ஜூரோங்குக்குப் பத்து நிமிடம் என்று விளம்பரப் படத்தில் போட்டிருந்தார்கள்.

ஆனால் ஆள் ஏறக்கூடாது!

இன்னும் அனுமதி வரவில்லை. சோதனைப் பறப்புக்கு மணல் மூட்டை மட்டும்தான். அறுபது கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது என்று சட்டம். பாராசூட் இருக்கிறது. ஆனால் முப்பது மீட்டர் உயரத்துக்கு மேலே போனால்தான் விரியும். சோதனை எல்லாம் பன்னிரண்டு மீட்டரில்.

அழகப்பன் வேலை மணல். பதினைந்து கிலோ மூட்டை நான்கு. நிரப்பி, நிறுத்து, எடைச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, தும்பி கிளம்பும் மேடைப் பக்கம் அடுக்கிவிட வேண்டும். கூண்டில் வைத்துக் கட்டுவது ரோஷினி மேடமும் ஒலியும். ரோஷினிதான் இங்கே பாதுகாப்பு அதிகாரி.

ரோஷினி அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுத்தாள். ஐந்தே முக்கால் வாக்கில் தும்பியைக் கிளப்பினாளாம். நோன்புக் களைப்பில் ஒலி மேடைக்குக் கீழே நிழலில் படுத்திருந்தது அவளுக்குத் தெரியாதாம். நான்கு மோட்டார் ஒரே நேரத்தில் நின்றுபோக, தும்பி அவன் மேலேயே விழுந்துவிட்டதாம்.

அழகப்பன் கூண்டை எட்டிப் பார்த்தான்.

கண்ணாடி நொறுங்கியிருந்தது. சீட் வளைந்திருந்தது. சீட்டில் அவனுடைய நான்கு மூட்டை, அவன் போட்ட முடிச்சோடு, பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்தது.

ஒரு மூட்டைகூடக் கிழியவில்லை...

மனசுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

* * *

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி.

முதலாளி வசீகரன் அறைக்கு வெளியே நிற்கும்போதே சத்தம் கேட்டது. மனுஷனுக்குக் குரல்வளையிலேயே ஒலிபெருக்கி. பெருநாள் முடிந்ததும் முதலீடு போடுகிறவர்கள் வருகிறார்கள், அதற்குள் இந்தப் பீடை ஒழிய வேண்டும், எந்த மடையன் மணல் அள்ளினானோ அவனை உள்ளே தள்ளு என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த மடையன் வெளியேதான் நின்றான்.

ரோஷினி அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். நாற்காலி கொடுத்தாள். மைலோ பானப் பொட்டலம் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தாள்.

"அழகப்பண்ணே, பாஸ் கத்துறதக் கண்டுக்காதீங்க. நான் இருக்கேன்லா."

"என்ன மேடம் நடக்குது? நான் என்ன பண்ணினேன்?"

அவள் ஒரு தாளை நகர்த்தினாள். இருபது வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு எடை.

தும்பியின் சீட்டுக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. எது ஏறினாலும், தும்பி கிளம்பும்போது தானே எடை போட்டுப் பதிந்துகொள்ளும். யாரும் அழிக்க முடியாது. சட்டம் அப்படி. அந்தப் பதிவை அதிகாரிகள் வந்து நேராக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் நகல்தான் இது.

"உங்க எடைச் சீட்டுல எல்லாமே அறுபதுன்னு போட்டிருக்கீங்க. மெஷின்ல பாருங்க. அறுபத்து நாலு, அறுபத்து மூணு... ஒரு நாள்கூட அறுபது இல்ல. நீங்க கூடப் போட்டுட்டீங்க அண்ணே. லோடு ஏறி ஏறி மோட்டார் செத்துப்போச்சு."

"நான் கூடப் போடல."

"தெரிஞ்சு போட்டீங்கன்னு நான் சொல்லல. தராசு கெட்டிருக்கலாம். கவனிக்கல, அவ்ளோதான்."

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். கவனக்குறைவால் மணல் அதிகமாகப் போட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

கையெழுத்துப் போட்டால் அபராதம் கம்பெனி கட்டும். ஊருக்கு டிக்கெட்டும் கம்பெனி. ஒலியின் அம்மாவுக்கு நஷ்டஈடு சீக்கிரம் போய்ச் சேரும்.

போடாவிட்டால்?

"கேஸ் இழுக்கும். உங்களை ஜெயில்ல போடுவாங்க. ஒலி ரூல் மீறி மேடைக்குக் கீழ படுத்தான்னு இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். அந்தம்மாவுக்கு ஒரு காசு வராது."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சாயங்காலம் நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாங்க. அதுக்குள்ள முடிவு பண்ணுங்கண்ணே."

அழகப்பன் இரண்டு தாளையும் மடித்து எடுத்துக்கொண்டான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரம் ஆகும் என்றான். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்!

அழகப்பனுக்கு எழுத்துதான் மெதுவாக வரும்.

எண் வேகமாக வரும்.

* * *

ரோவல் ரோடு மாடி அறை. பகல் பன்னிரண்டு மணி. பன்னிரண்டு கட்டிலில் பதினொன்று காலி. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

ஒலியின் கட்டிலும் காலிதான். அது வேறு மாதிரிக் காலி.

அழகப்பன் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து இருபது வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான்.

முதல் ஆறு வரி. அறுபத்து நாலு புள்ளி இரண்டு. அறுபத்து நாலு புள்ளி மூன்று. மறுபடி அறுபத்து நாலு புள்ளி இரண்டு... பெரிய மாற்றமில்லை.

ஏழாவது வரியிலிருந்து இறங்கியது.

அறுபத்து மூன்று புள்ளி எட்டு. மூன்று புள்ளி ஐந்து. மூன்று புள்ளி ஒன்று. அறுபத்து இரண்டு புள்ளி ஆறு...

இருபதாவது வரி. அறுபத்து ஒன்று புள்ளி ஒன்று.

இறங்குவதா?

அந்த மாதம் முழுக்க மழை. மணல் ஈரத்தில் கனக்கும். பல வருடமாக மணல் சுமக்கிறவனுக்கு அது தெரியாதா? கனக்க வேண்டிய நாளில் எப்படி இளைத்தது?

ஏழாவது வரியின் தேதியை மறுபடி பார்த்தான்.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. அந்தத் தேதியை ஒலி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான்.

முதல் நோன்பு!



அழகப்பன் நாள்காட்டி தொங்கிய ஆணியைப் பார்த்தான். பத்தாவது நோன்பன்று பேன்ட் நிற்கவில்லை என்று ஒலி சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். அந்த ஆணியைப் பிடுங்கித்தான் அழகப்பன் பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். இருபதாவது நோன்பன்று இன்னொன்று. "அண்ணே, பெருநாள் பிரியாணிக்கு எல்லா ஓட்டையையும் அடைச்சுக் குடுக்கணும்" என்றான் ஒலி.

அழகப்பன் பர்ஸைத் துழாவினான். கசங்கிய ரசீதுகள். ரோஷினி மேடம் அவனை வெளியே அனுப்பும் நாளெல்லாம் பஸ் காசுக்காகக் கடை ரசீதை எடுத்து வைப்பான். ஒரு நாள் ஆணி வாங்க. ஒரு நாள் வாழைப்பழம். கடைசி நாள் கஞ்சி, அதற்கு மட்டும் ரசீது இல்லை...

ரசீது தேதியையும் தாளில் இருந்த தேதியையும் பக்கத்தில் வைத்தான்.

ஒன்றுகூடத் தப்பவில்லை.

தும்பி பறந்த இருபது நாளும் அவன் மணலை நிறுத்து அடுக்கியிருக்கிறான். கையெழுத்துப் போட்டிருக்கிறான். பிறகு கடைக்குப் போயிருக்கிறான்.

ஒரு நாள்கூட அது பறந்ததைப் பார்க்கவில்லை!

இன்ஸ்பெக்டர் கொடுத்த அட்டையை எடுத்தான். எண்ணை அமுக்கினான்.

"மேடம்... ஒலியோட எடை எவ்ளோன்னு டாக்டர் எழுதியிருப்பாரா?"

* * *

நாலு மணி.

மணல் கிடங்கில் நடுநாயகமாகத் தராசு. சுற்றி ருக்கையா, இரண்டு போலீஸ்காரர்கள், ரோஷினி, வசீகரன். ஓரத்தில் அழகப்பன்.

போலீஸ் முத்திரை வைத்த நான்கு மூட்டையும் தராசில் ஏறியது. விழுந்துபோன கூண்டிலிருந்து எடுத்த அதே மூட்டை.

அறுபது புள்ளி பூஜ்யம்.

"தராசு சரியாத்தானே இருக்கு?" என்றார் ருக்கையா.

ரோஷினி தோளைக் குலுக்கினாள். இரண்டு நாளில் மணல் காய்ந்திருக்கும் என்றாள்.

"ஓ. காஞ்சா குறையும். அப்ப சரி." ருக்கையா தாளைப் பிரித்தார். "அப்போ அதுக்கு முன்னாடி? அறுபத்து நாலு புள்ளி ரெண்டுல ஆரம்பிச்சு அறுபத்து ஒண்ணு புள்ளி ஒண்ணு வரைக்கும் இறங்கியிருக்கு. அத்தனை மழையில?"

"அது... அண்ணன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி அள்ளுவாரு."

"ஒவ்வொரு மாதிரி இல்ல மிஸ் ரோஷினி. ஒரே மாதிரி. இறங்குமுகமா. முதல் நோன்புலேருந்து."



ருக்கையா வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"நான் இருபத்தெட்டு நோன்பு வச்சிட்டேன். எனக்கே ரெண்டு கிலோதான் குறைஞ்சிருக்கு. உங்க மணல் மூணு கிலோ குறைச்சிருக்கு. என்ன வித்தைன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."



ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையொன்றைத் தராசில் வைத்தார். உள்ளே ஒலியின் சட்டை, பேன்ட், பூட்ஸ், பெல்ட். பெல்ட்டில் வரிசையாக வந்த ஓட்டைகளை அடுத்து, ஆணியால் போட்ட கோணல் ஓட்டை இரண்டு.

ஒன்று புள்ளி மூன்று.

"டாக்டர் ரிப்போர்ட்ல உடம்பு எடை அம்பத்தொன்பது புள்ளி எட்டு. கூட்டுங்க அழகப்பன்."

"அறுபத்து ஒண்ணு புள்ளி ஒண்ணு மேடம்."

இருபதாவது வரி!

வசீகரன் சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் கத்திய குரல் இப்போது கிசுகிசுவாக வந்தது.

"ஆள்... ஆள வச்சா பறக்க விட்டே?"

"வேற வழி?" ரோஷினி திரும்பினாள். அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. "மணல் ஆடாது சார். மனுஷன் ஆடுவான். சாய்வான், பயந்தா துள்ளுவான். ஆள் உக்காந்தாத்தான் மெஷின் கத்துக்கும். ஆள் ஏத்தப் பர்மிட் கேட்டா எட்டு மாசம்னாங்க. நீங்க பெருநாளுக்குள்ள முடின்னீங்க. எப்படி முடிக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

வசீகரன் கேட்கவில்லைதான். கேட்காமல் இருந்தது அவருக்கு வசதியாக இருந்தது.

"சரி, அது பர்மிட் கேஸ்," என்றார் ருக்கையா. "அடுத்த கேஸுக்கு வருவோம். தும்பி விழுந்தது அஞ்சு முப்பத்தெட்டு. அதையும் மெஷின் பதிஞ்சிருக்கு. நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஆறு மணி அஞ்சு நிமிஷம். இருபத்தேழு நிமிஷம். என்ன பண்ணினீங்க?"



பதிலை அழகப்பன் சொன்னான். அன்றைக்கு நெருடியது இப்போது பிடிபட்டிருந்தது.

"மூட்டை தூக்கியிருக்காங்க மேடம். பன்னெண்டு மீட்டர்லேருந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியிருக்கு, சீட்டு வளைஞ்சிருக்கு. என் மூட்டை ஒண்ணுகூடக் கிழியல. விழுந்தப்ப அது உள்ளயே இல்ல. அவனை வெளிய இழுத்துப் போட்டுட்டு, ஒவ்வொண்ணா தூக்கி உள்ள வச்சிக் கட்டியிருக்காங்க. பழக்கமில்லாதவங்களுக்குப் பதினஞ்சு கிலோ கனம். நேரம் ஆகும்."

"டாக்டர் இன்னொண்ணும் எழுதியிருக்காரு," என்றார் ருக்கையா மெதுவாக. "விழுந்ததும் உயிர் போகல. இருபது நிமிஷமாவது மூச்சு இருந்திருக்கு."

அழகப்பன் மணல் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பார்த்தேன்," ரோஷினியின் குரல் உடைந்தது. "கூப்பிட்டுப் பார்த்தேன். பேசல. போயிட்டான்னு நெனச்சேன்..."

"நெனச்சீங்க. நாலாவது மூட்டை வைக்கிற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருந்தீங்க."

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது. எல்லாம் எழுதி முடித்து முதலாளியையும் கூடவே காரில் ஏற்றும்போது மணி ஏழாகிவிட்டது. தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அதைக் கோர்ட்டில் சொல்லலாம் என்றார்கள்.

நஷ்டஈட்டை இனி இன்ஷூரன்ஸ்காரன் மறுக்க முடியாது, ஒலி முகம்மது மேடைக்குக் கீழே படுக்கவே இல்லை என்று ருக்கையா அழகப்பனிடம் சொன்னார். அழகப்பன் பெயர் கேஸிலிருந்து எடுக்கப்படும். ஊருக்கும் போக வேண்டாம்.

அழகப்பன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அந்த மூச்சு பாதியில் நின்றது!

* * *

"ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி," என்றார் ருக்கையா. "ஒரு பறப்புக்கு அவனுக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு தெரிஞ்சுது. பணம் எங்க போச்சுன்னு தெரியல. பேங்க்ல இல்ல. வீட்டுக்கும் அனுப்பல. பெட்டியிலயும் இல்ல."

"எவ்ளோ மேடம்?"

"அம்பது வெள்ளி."

அழகப்பன் நிமிர்ந்தான்.

ருக்கையா ஒலியின் கைப்பேசியை நீட்டினார். திரையில் குறிப்பு. மூட்டை ஒன்று, ஐம்பது. மூட்டை இரண்டு, ஐம்பது. மூட்டை மூன்று, ஐம்பது... காகிதத்தில் அவன் மூட்டைதானே. அப்படியே எழுதி வைத்திருந்தான்.

பத்தொன்பது ஐம்பது.

தொள்ளாயிரத்து ஐம்பது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கட்டில் மேல் வைப்பான். ஒரு வாரம் நூறு, ஒரு வாரம் நூற்றைம்பது. கேலாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிறேன் என்றான். அழகப்பன் நம்பினான். நம்பினது மட்டுமா? போன ஞாயிறு எண்ணி வாங்கிக்கொண்டு, "மிச்ச அம்பதையும் பெருநாளுக்கு முன்னாடி முடிச்சிடு தம்பி" என்றும் சொன்னான்.

கடைசி வரி பறப்பதற்கு முன்பே எழுதியது.

'மூட்டை இருபது. ஐம்பது. அண்ணன் கடன் இன்னிக்கு முடிஞ்சது. பெருநாளுக்குச் சட்டை எடுக்கணும்.'

அழகப்பன் அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தான். தூரத்தில் மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ருக்கையாவின் கைப்பேசியில் பாங்கு ஒலித்தது. அவர் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து ஒன்றை வாயில் போட்டார். இன்னொன்றை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கினான். சாப்பிடவில்லை. கைக்குள் மூடி வைத்துக்கொண்டான்.

"மேடம், அன்னிக்கு என் வாக்குமூலத்துல அம்பது பாக்கின்னு எழுதினீங்களே..."

"ஆமா."

"அடிச்சிடுங்க."

ருக்கையா தாளைத் தேடி எடுத்தார். அன்றைக்கு ஐம்பதுக்குக் கீழே போட்ட கோட்டை இன்று ஐம்பதுக்கு நடுவே போட்டார்.

"வசூல்னு எழுதவா, தள்ளுபடின்னு எழுதவா?"

"தள்ளுபடி. வாங்கின தொள்ளாயிரத்தைம்பது இனி என் கடன். அவங்கம்மாவுக்கு நான் கட்டணும்." அழகப்பன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். "கடன்ல மூழ்கினவன் நூறு பேரைப் பார்த்திருக்கேன் மேடம். கடனுக்காகப் பறந்தவன் இவன் ஒருத்தன்தான்."